நாய்ப் பூங்காவில் தன்னார்வலராகச் சேர நினைக்கிறீர்களா? முதலில் கேட்டைப் பாருங்கள்

"வீட்டுக்குப் பக்கத்தில் நாய்களைச் சங்கிலி அவிழ்த்து ஓடவிடும் பொதுப் பூங்கா ஒன்று இருக்கிறது. தினமும் என் நாயோடு போகிறேன். பராமரிக்க ஆள் போதவில்லை என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுக்க முடியும். எங்கே தொடங்குவது, என்ன தெரிந்திருக்க வேண்டும்?" இதுதான் நீங்கள் கேட்டது.

இரண்டு மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் அதை ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள், அதே கிழமை, அதே நேரம், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக இந்த வேலையில் இருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இது ஒன்றுதான்: ஒரு நாய்ப் பூங்கா நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது, அங்கே வழக்கமாக வந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற நாலைந்து பேரைப் பொறுத்தது. மாதம் ஒரு முறை ஐம்பது பேர் கூடிப் பெரிய துப்புரவு முகாம் நடத்தினாலும், நடுவில் இருக்கும் 29 நாட்கள் யாரும் பார்க்கவில்லை என்றால் பூங்கா கெட்டுப்போய்விடும்.

இந்த வகைப் பூங்காக்கள் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரத்தில் 1979ல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஓலோனி நாய்ப் பூங்காவைத்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். சுரங்க ரயில் பாதை போட்ட பிறகு மேலே காலியாகக் கிடந்த நிலத்தில் உருவான பூங்காவின் ஒரு பகுதி அது. அக்கம்பக்கத்து மக்கள் சேர்ந்து அதைக் கவனித்துக்கொண்டார்கள். நகராட்சி நிலம் கொடுக்கும், வேலி போடும், குப்பை வண்டி அனுப்பும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த நாய் எந்த நாயை மூலைக்குத் தள்ளுகிறது என்று பார்க்க நகராட்சியிலிருந்து யாரும் வர மாட்டார்கள், அது அங்கே வருகிறவர்களின் வேலை.

சரி, முதல் மாதம் என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டாம். எந்த நேரத்தில் எத்தனை நாய்கள் வருகின்றன, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலையில் மலம் எடுக்கப்படாமல் கிடக்கிறது, எந்தக் குப்பைத் தொட்டி வழிகிறது, எந்த இடத்தில் நாய்கள் குழி தோண்டுகின்றன என்று தேதியோடு குறித்து வையுங்கள். பின்னால் அதிகாரிகளிடம் ஏதாவது கேட்கப் போகும்போது இந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். "எப்போதும் தண்ணீர் தேங்குகிறது" என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். தேதியும் படமும் போட்டு எழுதிக் கொடுத்தால் அது ஒரு கோப்பாகிவிடும், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முக்கியமான ஒன்று, வேலை செய்யும் நேரத்தில் உங்கள் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். அல்லது வீட்டில் இன்னொருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் மண்வெட்டி, கண் வேலியில், நாய் வேறெங்கோ என்றால் நீங்களும் கவனிக்காத உரிமையாளர்தான். இதைத் தன்னார்வலர்களே மீறுவதைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் மற்றவர்களிடம் கவனமாக இருங்கள் என்று சொல்ல வாய் வருவதில்லை.

இனி கேட். பூங்காவில் ஒரே ஒரு பொருளைத்தான் சரியாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் கேட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். நல்ல நாய்ப் பூங்காவில் இரண்டு கேட் இருக்கும், நடுவில் ஒரு சின்ன அறை மாதிரி இடம். வெளிக்கேட்டைத் திறந்து உள்ளே வந்து, அதை மூடி, நாயின் சங்கிலியை அங்கேயே அவிழ்த்து, பிறகுதான் உள்கேட்டைத் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் திறந்திருக்கவே கூடாது. நாய் தப்பித்து ரோட்டுக்கு ஓடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று எல்லோருக்கும் தெரியும். சங்கிலியை ஏன் நடுவிலேயே அவிழ்க்கச் சொல்கிறோம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. சங்கிலி இல்லாமல் ஓடும் நாய்களுக்கு நடுவே ஒரே ஒரு நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தால் அதனால் விலகிப் போகவும் முடியாது, வளைந்து வந்து மோப்பம் பிடித்து முறையாக அறிமுகமாகவும் முடியாது. விறைத்துப்போய் நிற்கும். பயத்தில் உறுமும். சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பூங்கா ஒன்றில் உள்கேட்டின் கொக்கி தேய்ந்துபோய், மூடியது போலவே தெரியும், ஆனால் விழுந்திருக்காது. மூன்று வாரம் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் இளம் நாய் ஒன்று தள்ளிக்கொண்டு நடு அறைக்கு வந்துவிட்டது. அதே நொடியில் வெளிக்கேட்டை ஒருவர் திறந்துகொண்டிருந்தார். நல்லவேளை, அவர் காலால் மறித்துவிட்டார். அன்றிலிருந்து நான் பூங்காவுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இரண்டு கொக்கிகளையும் திறந்து மூடிப் பார்ப்பேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். கேட் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, கேட்டுக்கு அடியில் மண் அரித்து இடைவெளி வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேலி பெரும்பாலும் 4 அடியிலிருந்து 6 அடி உயரம் இருக்கும். உயரத்தைவிட அடிப்பக்கம்தான் தொல்லை. நாய் தாண்டிப் போவதைவிடத் தோண்டிப் போவது சுலபம். மாதம் ஒரு முறை வேலியைச் சுற்றி நடந்து, கம்பி பிய்ந்து கூராக நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். கண்ணிலும் தோளிலும் கிழித்துவிடும்.

அடுத்தது மலம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பூங்காக்கள் மீது வரும் புகார்களில் இது எப்போதும் முன்வரிசையில் நிற்கும், அதோடு இதில் நாற்றத்தைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கிறது. நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்போது உடனே யாரையும் தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர்வதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதிர்ந்த பிறகு அதே மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை மலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், ஆனால் முட்டைகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு இந்தப் புழுவால் கண் வரை பாதிப்பு வரலாம். இந்தக் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்: அன்றைக்கே எடுத்துவிட்டால் அபாயம் பெரும்பாலும் தொட்டியோடு போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்து முகாம் நடத்தி எடுத்தால், மேலே கிடப்பதை எடுக்கிறீர்கள், ஆபத்தானது ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது.

ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இன்னும் அவசரக்காரன், அதன் கூடுகள் மலத்தில் வெளிவந்த உடனேயே தொற்றும் நிலையில் இருக்கும். குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கும். ப்ளீச்சிங் கரைசலால் சிமெண்ட் தரையில் அதை ஒழிக்கலாம், புல்லிலும் மண்ணிலும் அது வேலை செய்யாது. அதனால்தான் தடுப்பூசி முடியாத குட்டிகளை உள்ளே விடாதீர்கள் என்று நாம் தொண்டை வறளச் சொல்கிறோம். குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை பொதுவாக 16 வார வயதை ஒட்டித்தான் முடியும். அதற்கு முன்னால் கூட்டி வந்து "சும்மா மடியில வச்சிருக்கேன்" என்று சொல்வார்கள். மடியில் இருந்தால் பாதி பரவாயில்லை, ஐந்து நிமிடத்தில் கீழே இறக்கிவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை.

மலம் எடுக்கப்படாமல் போவது பெரும்பாலும் திமிரால் இல்லை. உரிமையாளர் பேசிக்கொண்டிருப்பார், அல்லது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாய் பின்பக்கம் போய் முடித்துவிட்டு வந்திருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் திட்டுவதைவிட வசதி செய்து கொடுப்பதில் பலன் அதிகம். பைப்பெட்டி வாசலில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, தூரத்து மூலையிலும் ஒன்று வேண்டும், அதன் பக்கத்திலேயே மூடியுள்ள தொட்டியும் வேண்டும். பை ஓரிடத்தில், தொட்டி வேறிடத்தில் என்றால் கட்டிய பையை வேலியோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு நன்றாக வேலை செய்த பழக்கம் ஒன்று உண்டு: தன் நாயுடையதை எடுக்கும் ஒவ்வொருவரும் கூடவே கண்ணில் படும் இன்னொன்றையும் எடுப்பது. யாருடையது என்ற விசாரணை கிடையாது. நாலு பேர் ஆரம்பித்தால் போதும், இரண்டு மாதத்தில் மற்றவர்களும் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் ஒன்று, "மலம்தானே, செடிக்கு உரமாகட்டும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாய் மலத்தில் மேலே சொன்ன கிருமிகள் எல்லாம் இருக்கும், சாதாரண மக்கும் குழியில் அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறாது.

தரை விஷயத்துக்கு வருவோம். புல் செத்துப்போகிறது என்பது எல்லா நாய்ப் பூங்காவிலும் இருக்கும் புலம்பல். இரண்டு காரணம். ஒன்று, ஒரே இடத்தில் ஓடி ஓடி மண் இறுகிவிடும், வேருக்குக் காற்றும் நீரும் போகாது. இன்னொன்று, சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் ஒரே இடத்தில் அதிகமாக விழுந்து புல்லைக் கருக்கிவிடும். பெண் நாயின் சிறுநீரில் ஏதோ தனி அமிலம் இருக்கிறது என்பதெல்லாம் இல்லை, அது உட்கார்ந்து ஒரே இடத்தில் மொத்தமாக விடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதும், பூங்காவை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தைச் சில வாரம் மூடி ஓய்வு கொடுப்பதும் உதவும். வாசலைச் சுற்றியும் நிழல் மரத்தடியிலும் எவ்வளவு முயன்றாலும் புல் நிற்காது, அங்கே மரச்சீவல் பரப்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மரச்சீவல் மக்கிப்போகும், மறுபடி மறுபடி போட வேண்டும், தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டிப் பரப்பும் இந்த வேலைக்குத்தான் உண்மையில் நிறைய கைகள் தேவைப்படும். ஆள் சேர்க்க வேண்டுமென்றால் இந்த நாளுக்குக் கூப்பிடுங்கள், வந்தவர்களுக்கு முடித்த வேலை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கொக்கோ ஓட்டுத் தூளைத் தரைக்குப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் அதிலும் உண்டு, நாய்க்கு அது விஷம். எலி மருந்து, களைக்கொல்லி எதுவும் நீங்களாக வாங்கி வந்து போடக் கூடாது. குழிகளை உடனே மூட வேண்டும். வேகமாக ஓடும் நாய் குழியில் கால் வைத்தால் எலும்பு முறியும், மனிதருக்கும் அதே கதிதான். தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமிக்கு வசதியான இடம், அது மனிதருக்கும் வரும். ஆகவே மழைக்குப் பிறகு ஒரு நடை போய், எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்து வையுங்கள். வடிகால் சரிசெய்வது உங்களால் ஆகாது, அதைப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். ஆனால் இடம் எது என்று காட்டுவது உங்களால் ஆகும்.

குடிதண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கொட்டிக் கழுவி நிரப்ப வேண்டும், நிரப்பி நிரப்பியே விடக் கூடாது. அடியில் வழுவழுப்பு பிடித்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தவர்கள் சொந்தக் கிண்ணம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வெயில் நாட்களில் தன்னார்வலருக்குத் தனி வேலை இருக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் சொச்சம். 40ஐத் தாண்டினால் அபாயம். விளையாட்டு உற்சாகத்தில் நாய் தானாக நிறுத்தாது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிரவைக்கும் திறன் குறைவு, அவை முதலில் விழும். நாக்கு நீண்டு அகலமாகி, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் தாமதிக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, வெப்பம் இறங்க ஆரம்பித்ததும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் பயணம். பலர் பதறிப்போய் அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், வழியில் நிலைமை முற்றிவிடுகிறது. தரை சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது.

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் விஷயம். நாயின் உடல்மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடிக்க யாரும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் இரண்டு நாய்களுக்கு நடுவே அடுத்த அரை நிமிடத்தில் என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிகிற ஒருவர் பூங்காவில் நின்றால் பாதிச் சண்டைகள் நடக்காது.

நல்ல விளையாட்டு எப்படி இருக்கும்? முன்னங்கால்களை நீட்டித் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு நாய் இன்னொன்றை அழைக்கும். உடம்பு நெளிநெளியாகத் தளர்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும், அதாவது முறை மாறும். நடுநடுவே தாமாகவே நிறுத்தி உதறிக்கொள்ளும், தரையை மோந்து பார்க்கும், மறுபடி ஆரம்பிக்கும். உறுமல் சத்தம் வரலாம், பயப்பட வேண்டாம், சத்தத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கெட்டது எப்படி இருக்கும்? அநேகமாக அமைதியாக இருக்கும். அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். உடம்பு மரக்கட்டை மாதிரி விறைக்கும், வாய் மூடிக்கொள்ளும், கண் கொட்டாமல் பார்க்கும், வால் உயர்ந்து விறைப்பாக அதிரும். வால் ஆடினாலே சந்தோஷம் என்பது தவறு. ஒரு நாய் இன்னொன்றின் கழுத்தின் மேல் தாடையை வைத்து நின்றாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தாலும், மூன்று நான்கு சேர்ந்து ஒன்றை மட்டும் துரத்தினாலும், துரத்தப்படும் நாய் வாலை இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியிலோ மனிதர் கால்களுக்கு நடுவிலோ புகுந்தாலும் அது விளையாட்டு இல்லை. "அதுங்களே தீர்த்துக்கும் விடுங்க" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தீர்த்துக்கொள்ளாது. பயந்த நாய் அன்றைக்குக் கற்றுக்கொள்வது, அடுத்த முறை முதலில் கடித்துவிட வேண்டும் என்பதைத்தான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. மேலே விழுந்து விளையாடும் நாயை அதன் உரிமையாளரைச் சில நொடி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே இருந்த நாய் திரும்பி அதனிடமே வந்தால் அதற்கும் விருப்பம்தான், விட்டுவிடலாம். தப்பித்தோம் என்று விலகிப் போனால் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். இதில் வாதத்துக்கு இடமே இல்லை, நாயே பதில் சொல்லிவிடுகிறது, உரிமையாளர் மனமும் புண்படாது.

வாசலில் கவனம் அதிகம் வேண்டும். புது நாய் வந்தவுடன் உள்ளே இருக்கும் எல்லாம் ஓடிப் போய்க் கேட்டில் முண்டும். நுழையும் நாய்க்கு அது பத்துப் பேர் ஒரே நேரத்தில் முகத்துக்கு நேரே வந்து நிற்பது போல. உள்ளே இருப்பவர்கள் தங்கள் நாய்களை அழைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனாலே போதும். அதேபோல மனிதர்கள் ஒரே இடத்தில் வட்டமாக நின்று பேசினால் நாய்களும் அங்கேயே நெருக்கியடித்து நிற்கும். நடந்துகொண்டே பேசினால் நாய்கள் பரவிவிடும். நான் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் "வாங்க, ஒரு சுத்து நடந்துக்கிட்டே பேசலாம்" என்றுதான் ஆரம்பிப்பேன்.

பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் தனித்தனி அடைப்பு இருந்தால் அதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் குட்டி நாயைப் பார்த்தால் நல்ல குணமுள்ள பெரிய நாய்க்கும் சட்டென்று வேட்டைப் புத்தி வந்துவிடலாம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, ஆனால் ஒரு உலுக்கு உலுக்கினால் உயிர் போய்விடும்.

சண்டை வந்தே விட்டால்? பெரும்பாலானவை சத்தம் அதிகம், காயம் குறைவு, சில நொடிகளில் ஓய்ந்துவிடும். கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை மட்டும் நுழைத்துவிடாதீர்கள், சண்டையை விலக்கப் போய்க் கடி வாங்குபவர்களில் பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள். பலத்த சத்தம் எழுப்புங்கள், தண்ணீரை முகத்தில் அடியுங்கள், பலகையோ தொட்டி மூடியோ நடுவில் செருகுங்கள். அப்படியும் சண்டை நிற்கவில்லை என்றால் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கம் பிடித்துத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி இழுக்க வேண்டும், வளைந்து கடிக்க வராதபடி அரைவட்டமாக நகர்ந்துகொண்டே. ஆனால் ஒன்று கவ்விப் பிடித்தபடி விடாமல் இருந்தால் இழுக்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். பிரிந்ததும் இரண்டையும் கட்டி, ஒன்றன் கண்ணில் ஒன்று படாத தூரத்துக்குக் கொண்டுபோங்கள். ரோமத்தை விலக்கித் தோலைப் பாருங்கள். பல் பதிந்த ஓட்டை வெளியே கடுகளவுதான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும், அதனால் இரத்தம் வரவில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மனிதரைக் கடித்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சொன்னாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு நோட்டில் தேதி, நேரம், நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். யார் மேல் தப்பு என்று எழுதாதீர்கள்.

உணவுப் பண்டம், பந்து, கயிற்றுப் பொம்மை இவையெல்லாம் கூட்டம் இருக்கும் நேரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பந்து இல்லாமல் என் நாய்க்குப் பொழுது போகாது என்பார்கள். கூட்டமில்லாத நேரத்தில் வந்து விளையாடட்டும். பருவத்தில் இருக்கும் பெண் நாய், இருமிக்கொண்டிருக்கும் நாய், வயிற்றுப்போக்கு இருக்கும் நாய் வரக் கூடாது. சிறு குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் இது இல்லை என்பதையும் பலகையில் போடுங்கள். பலகையில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம், முப்பது விதி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மனிதர்களிடம் பேசுவதுதான் நாய்களைப் பார்ப்பதைவிடக் கடினம். உங்களிடம் அதிகாரம் எதுவும் கிடையாது, அது இருப்பது போல நடந்துகொண்டால் முதல் வாரத்திலேயே பகை வந்துவிடும். கூட்டத்துக்கு நடுவில் யாரையும் கண்டிக்காதீர்கள். இனத்தின் பேரைச் சொல்லிக் குறை சொல்லாதீர்கள். "உங்க நாய் ரொம்ப முரடு" என்பதற்கும், "அக்கா, அந்தச் சின்னது கொஞ்சம் பயந்துபோச்சு, உங்க ராஜாவை ரெண்டு நிமிஷம் கூப்பிட்டுக்கிறீங்களா?" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். மலம் எடுக்காதவரிடம் "சார், அந்த மூலையில உங்க பையன் போயிருக்கான், பை வேணுமா?" என்று கையில் பையை நீட்டிக்கொண்டே சொன்னால் இதுவரை என்னிடம் யாரும் மறுத்ததில்லை. நாயின் பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டாலே பாதி இறுக்கம் போய்விடும். அதையும் மீறி ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை, அவர் நாய் மற்ற நாய்களைக் காயப்படுத்துகிறது என்றால், நீங்கள் தனியாக மோதாதீர்கள். நோட்டில் இருக்கும் குறிப்புகளோடு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

நாய் வளர்க்காத அக்கம்பக்கத்தாரை மறந்துவிடாதீர்கள். காலையில் ஐந்து மணிக்குக் குரைப்புச் சத்தம் கேட்கிறது, வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார்கள் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும். பூங்காவை மூடு என்று மனு போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். நாயைக் கண்டால் பயப்படுகிறவர்கள் பயப்படட்டும், அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் வேலை இல்லை, அவர்கள் நடக்கும் பாதையில் கட்டாத நாய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

நிர்வாகத்திடம் பேச ஒரே ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள், பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. தன்னார்வலருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு, எந்தெந்த வேலையை நீங்கள் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மரக்கிளை வெட்டுவது, மின்சாரம், ரசாயனம் மூன்றும் அவர்கள் பக்கமே இருக்கட்டும். பணம் வசூலித்தால் வரவு செலவை மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எதுவும் எடுக்கக் கூடாது.

சோர்வு வரும். முதல் ஆறு மாதம் உற்சாகமாக எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஏழாவது மாதம் காணாமல் போனவர்கள் நிறைய. அதனால் ஆரம்பத்திலேயே இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அது நாய் வளர்க்காதவராகக்கூட இருக்கலாம். எங்களோடு பல காலம் இருந்த ஒரு பெரியவர், தன் நாய் வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து தண்ணீர்க் கிண்ணம் கழுவிவிட்டு, எல்லா நாயையும் ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வரும் நேரம் நாய்களுக்குத் தெரியும், கேட் பக்கம் போய் நிற்கும்.

இந்த வாரம் போகும்போது ஒரு நோட்டு, ரப்பர் கையுறை, ஒரு கட்டுப் பை எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு கொக்கிகளையும் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள், பத்தில் ஒரு முறை விழவில்லை என்றாலும் படம் எடுத்து அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்றும் வரைக்கும் ஒரு சங்கிலித் துண்டைப் போட்டுக் கட்டி, "மூடிய பிறகு ஒரு முறை இழுத்துப் பார்க்கவும்" என்று அட்டையில் பெரிதாக எழுதிக் கேட்டிலேயே தொங்கவிடுங்கள்.